ஓரத்து எழுத்து

மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டாள் அந்தப் பெண். காகிதம் பறக்கிறதாம், ஓரம் கிழிந்தால் ஒட்ட முடியாதாம். காகிதத்துக்கு இத்தனை கரிசனம். எழுபதைத் தாண்டிய பொம்பளை மே மாதத்துப் புழுக்கத்தில் வெந்து போனால் பரவாயில்லை போலிருக்கிறது. திரிபுரம் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறப்பதும் ஒரு வேலைதான், காலையிலிருந்து ஏகப்பட்ட வேலை ஆகிவிட்டது. பெனிட்டா என்று பேர் சொன்னாள், ஓவியக் கூடத்திலிருந்து வந்திருக்கிறாள், அடுத்த மாதம் அங்கே திரிபுரத்தின் புருஷன், காலமான ஞானசிகாமணியின் கோட்டுச் சித்திரங்களைக் கண்காட்சி வைக்கப்போகிறார்கள். கண்ணாடி போட்ட, நல்ல முகமுள்ள பெண். வந்ததும் செருப்பை நேராகக் கழற்றி வைத்தாள், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள், பிறகு வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, புரசைவாக்கத்தில் யாருமே சாப்பாட்டு மேஜைக்குச் செய்யாத மரியாதையோடு அதைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு தாளாக எடுத்துப் பரப்பினாள். முக்கால்வாசித் தாளில் ஒரு பெண் நிற்கிறாள். கதவு நிலையில் சாய்ந்து, ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு, கையைத் தலைக்கு மேலே தூக்கி. உடம்பைச் சுற்றி ஓரமெல்லாம் பென்சிலில் பொடிப்பொடியாக எழுத்து. “சார் எழுத்து ரொம்ப மங்கிப்போச்சும்மா. நீங்க படிச்சுச் சொன்னீங்கன்னா நான் டைப் பண்ணிக்கிறேன். படத்துக்குக் கீழே ஒண்ணொண்ணுக்கும் போடணும்” என்றாள். சார் எழுத்து. திரிபுரம் தலையை ஆட்டினாள். ஆட்டியது சரி என்றா, சொல்லு என்றா என்று அவளுக்கே தெரியவில்லை.

பூபதி காலையிலேயே பெங்களூரிலிருந்து கூப்பிட்டுச் சொல்லிவிட்டான். பெற்ற பிள்ளைதான், ஆனால் போனில் பேசும்போது மேனேஜர் மாதிரி பேசுவான். “அம்மா, அந்தப் பொண்ணு எழுத்தைப் பத்தி ஏதாச்சும் கேட்டா அப்பா எழுதினதுன்னு சொல்லிடு. நீ பாட்டுக்கு எதையாச்சும் உளறி வைக்காதே. ரெண்டு பேர் கை இருக்குன்னு தெரிஞ்சா படத்தையே சந்தேகப்படுவாங்க. அப்புறம் அப்பா வரைஞ்சதுக்கே சாட்சி கேப்பாங்க.” அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் கஷ்டம். அநியாயமாகப் பேசினால் சண்டை போடலாம், நியாயமாகப் பேசுகிறவனிடம் என்ன செய்வது. சரிப்பா என்றாள். அவனுக்கு எப்படித் தெரியும் என்பது இப்போதுதான் உறைத்தது. சின்ன வயதில் பார்த்திருப்பான். மொட்டை மாடியில் அம்மா தாளை மடியில் வைத்துக்கொண்டு தன் முழங்கையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை அவன் பார்த்திருப்பான். பார்த்தும் இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பாவின் பிள்ளை.

“இது என்னம்மா, ‘ப’... ‘பழைய’...?” “பழைய புளி” என்றாள் திரிபுரம், பார்க்காமலே. முழங்கைக்கு நேராக வேறென்ன இருக்கும். பெனிட்டா லேப்டாப்பில் தட்டிக்கொண்டாள். காது மடலுக்கு நேராக, தேய்க்காத பித்தளை. உள்ளங்கைக்கு, வெந்த பனங்கிழங்கு. “எவ்ளோ அழகா எழுதியிருக்காரும்மா, நிறத்துக்கு ஒரு இடத்துலகூட சிவப்பு, மஞ்சள்னு எழுதலை பாருங்க” என்று அந்தப் பெண் உருகினாள். சமையலறையின் நிறங்களைச் சித்திரத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்த முதல் நவீன ஓவியர் என்று ஒரு புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். அவரா, சமையலறைக்கா, என்று திரிபுரத்துக்குச் சிரிப்பு வந்தது. காப்பிப்பொடி டப்பா எது, மிளகாய்ப்பொடி டப்பா எது என்று கடைசிவரை தெரியாத மனுஷன். சிரிப்பு நெஞ்சுக்குழி வரை வந்து, மேலே ஏறத் தெம்பில்லாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. சிவப்பு என்று எழுத வேண்டாமென்று யார் நினைத்தார்கள். எந்தச் சிவப்பு என்று சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். கடையில் விற்கும் சாயத்துக்கெல்லாம் அழகழகாகப் பேர் இருந்தது, அவளுக்கு அதில் ஒன்றும் தெரியாது, தெரிந்ததெல்லாம் புளியும் பித்தளையும். தெரிந்ததை எழுதினாள். அது இப்போது புத்தகத்தில் இருக்கிறது, வேறு ஆள் பேரில், அந்த வேறு ஆளும் அவள் புருஷன்தான், ஆகையால் யாரிடம் போய் என்ன கேட்பது.

அவர் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. விடிந்ததும் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்த கையோடு, “நில்லு” என்பார். அந்த ஒண்டுக்குடித்தனத்தில் ஒரே ஒரு குண்டு பல்பு, அதுவும் அழுக்கு மஞ்சள். அந்த வெளிச்சத்தில் கோடு தெரியும், நிழல் தெரியும், நிறம் தெரியாது. பல்பு வெளிச்சத்தில் எல்லாப் பெண்டாட்டியும் மஞ்சள்காமாலைதான் என்று அவரே சொல்வார். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் வண்ணம் தீட்டப் பகல் கிடைக்கும், அன்றைக்கு அவளை நிற்கவைக்க முடியாது, மாமியார் வருவாள், நாத்தனார் வருவாள், அடுப்பு இருக்கும். அப்போதுதான் இந்த ஏற்பாடு வந்தது. ஏற்பாடு என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. ஒருநாள் ஆபீசுக்குக் கிளம்பும்போது, தாளைப் பெட்டி மேல் வைத்துவிட்டு, “வெளிச்சத்துல கையைப் பார்த்து என்ன நிறம்னு எழுதி வையேன்” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், பாலுக்கு உறை குத்தி வை என்பதுபோல. அவளும் மாடிக்குப் போய் எழுதினாள். பிறகு தினமும். முதல்நாள் ராத்திரி நின்ற உடம்பை மறுநாள் வெயிலில் எடுத்துப்போய்க் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்பது. தோள், கழுத்து, கணுக்கால். தன் உடம்பைத் தானே இப்படிக் கடைச்சரக்கு மாதிரி திருப்பிப் பார்க்க முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு கூச்சம் போய்விட்டது, பிறகு அதில் ஒரு ருசிகூட வந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்துப் போர்ஷன் மரகதம் வடாம் உலர்த்த வந்தவள், “என்னடி கையையே உத்துப் பாக்கறே” என்று கேட்டாள். தேமல் இருக்கிறதா பார்க்கிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அதோடு விட்டதா. குழாயடியில் அவள் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்காமல் போனார்கள். கலைக்காகப் பட்ட கஷ்டம் என்று பேட்டியில் என்னென்னவோ சொல்கிறார்கள், இது எந்தப் பேட்டியிலும் வரவில்லை.

பெனிட்டா அடுத்த தாளை நகர்த்தினாள். தோளைப் பார்த்ததுமே திரிபுரத்துக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. “இது ஊதாத்தோள் படத்துக்குப் போட்டதும்மா!” என்று அந்தப் பெண் குரலை உயர்த்தினாள். பரிசு வாங்கிய படம், பத்திரிகையில் வந்த படம், டில்லியில் எங்கோ மாட்டியிருக்கிற படம். தோளுக்கு நேராகக் கத்தரிக்காய் என்று எழுதியிருக்கிறது. அவள் பிறந்த பாளையங்கோட்டைப் பக்கம் கத்தரிக்காய் என்றால் வெளிறின இளம்பச்சை, கிட்டத்தட்ட வெள்ளை. ரவிக்கைக்குள்ளேயே இருந்து வெயில் படாத தோள் அந்த மாதிரி இருந்தது, எழுதினாள். அவர் பட்டணத்துப் பிள்ளை, கொத்தவால்சாவடிக் கத்தரிக்காயை நினைத்துக்கொண்டு ஊதாவாகத் தீற்றிவிட்டார். படம் காய்ந்து, பரிசும் வந்த பிறகு, ரசம் ஊற்றும்போது இவள் சொன்னாள். “வெள்ளைக் கத்தரிக்கான்னு எழுதித் தொலையறதுதானே” என்றார். பிறகு ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு, “நல்லவேளை எழுதலை” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உண்மை. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், எதையாவது சொல்வதென்றால். அவரைக் கெட்டவராக்கிச் சொல்லிவிட்டால் கேட்பவர்களுக்குச் சுலபமாகப் புரியும், அது பொய்யாகிவிடும். ஒரு தடவை வீட்டுக்கு வந்த பத்திரிகைக்காரர், இந்த நிறங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டார். “நான் பார்க்கிறதில்லை, படிக்கிறேன்” என்றார் இவர். அவள் திரைக்கு இந்தப் பக்கம் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். அப்பட்டமான உண்மை அது. ஆனால் அந்தப் பத்திரிகைக்காரர் ஆகா என்றார், தத்துவமாக எடுத்துக்கொண்டு போய் தலைப்பிலேயே போட்டுவிட்டார். இவர் மறுக்கவில்லை. அவள் வெளியே போய், ஐயா, அவர் நிஜமாகவே படிக்கிறார், எழுதுகிறது நான் என்று சொல்லவில்லை. காப்பி ஆறிப்போகும் என்று நினைத்தாள்.

ஆனால் எழுத்து. இந்த எழுத்தைப் பார்த்து பெனிட்டா மட்டும் என்ன, யாருமே சார் எழுத்து என்றுதான் சொல்வார்கள். குற்றம் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் அவள் எழுத்து உருண்டையாக இருக்கும், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மெச்சிய எழுத்து. படம் வாங்க வந்த ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, “இதென்ன, கோலம் போட்ட மாதிரி எழுத்து?” என்று கேட்டுச் சிரித்தார். புருஷனுக்கு முகம் கறுத்துப்போயிற்று. அவளை ஒன்றும் சொல்லவில்லை. மாற்றி எழுது என்று யாரும் சொல்லவில்லை, அதுதான் இப்போது நினைத்தால் வலிக்கிறது. அவளாகவேதான் அவருடைய பழைய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, மெலிந்து வலப்பக்கம் சாய்ந்த அந்த எழுத்தைப் பழகினாள், கொம்பு எப்படி வளைகிறது, ‘ழ’வுக்கு வால் எவ்வளவு நீளம் என்று பார்த்துப் பார்த்து. கெட்டிக்காரி என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள். கொஞ்ச நாளில் மளிகைச் சீட்டும் அந்த எழுத்திலேயே வந்தது. பழைய எழுத்தை இப்போது எழுது என்றால் வராது. எங்கே போயிற்றோ. ஒரு மனுஷிக்குச் சொந்தமாக இருந்தது அது ஒன்று, அதையும் கேட்காமலே கொடுத்துவிட்டு இப்போது உட்கார்ந்து ஏங்கினால் யார் என்ன செய்ய முடியும். ஆயாசமாக இருந்தது. பெனிட்டா போய்விட்டால் படுத்துக்கொள்ளலாம். சார் எழுத்து, ஆமாம், சார் எழுத்து, மூட்டையைக் கட்டு.

“தலைமயிர், தேங்காய் நார்” என்று பெனிட்டாவே படித்துவிட்டாள். இது பிந்தி வந்த தாள், உட்கார்ந்த பெண். அவள் எழுதியதில்லை இது, சத்தியமாக இல்லை. எந்தப் பெண்பிள்ளை தன் தலைமயிரைத் தேங்காய் நார் என்று எழுதுவாள். அவர் ரிட்டையர் ஆகி, வீட்டில் டியூப் லைட்டும் வந்து, பகல் முழுக்கச் சும்மா கிடைத்த காலத்தில், அவரும் அதே மாதிரி எழுதப் பழகியிருந்தார். அவர் எழுத்தை அவள் எடுத்துக்கொண்டாள், அவள் வார்த்தையை அவர் எடுத்துக்கொண்டார். கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் இதனால் வந்த குழப்பம்தான் அவளை வருஷக்கணக்காக முள்ளாகக் குத்துகிறது. இந்தத் தாளிலேயே பார், கண்ணுக்குக் கீழே வாழைக்கறை என்று இருக்கிறது. இதை எழுதியது யார்? அவள் எழுதியிருந்தால், கண்ணாடியில் தன் கண்ணுக்கடியில் கறுத்திருப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறாள், அதில் ஒன்றுமில்லை. அவர் எழுதியிருந்தால், அவர் பார்த்திருக்கிறார். அவள் தூங்காததை, களைத்திருந்ததை, அந்தக் குனிந்த தலைக்காரர் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். கண்ணை இடுக்கிக்கொண்டு அந்த நான்கைந்து எழுத்தை வெறித்தாள். கொம்பு அவர் கொம்பு மாதிரியும் இருந்தது, அவள் கொம்பு மாதிரியும் இருந்தது. எல்லாம் நான்தான் எழுதினேன் என்று சொன்னால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், அப்புறம் அவர் அவளைப் பார்த்ததற்கு ஒரு சாட்சியும் மிஞ்சாது. எல்லாம் அவர் எழுதினார் என்று விட்டுவிட்டால் அவள் வெறுமனே நின்றவள், ஒரு தூணும் நிற்கும். இரண்டில் எது பரவாயில்லை என்று யோசித்தாள், யோசனை செக்குமாடு மாதிரி சுற்றி வந்து கிளம்பின இடத்திலேயே நின்றது.

“இது ஒண்ணுதாம்மா பாக்கி” என்று பெனிட்டா கடைசித் தாளை எடுத்தாள். அதைப் பார்த்ததும் அவள் குரல் மாறியது. “இது ரொம்ப முக்கியம். நின்னுகிட்டிருக்கிற பெண்களைச் சார் வரைஞ்ச கடைசிப் படம் இதுதான். இதுக்கு அப்புறம் எல்லாமே உக்காந்த பெண்கள். ஏன் மாறினார்னு யாருக்கும் தெரியலை. வண்ணம் தீட்டின படத்துலயும் காலை மட்டும் விட்டுட்டார், வெறும் கேன்வாஸ் துணிதான் இருக்கு. பாருங்க, இங்க பாதத்துக்கு நேரா என்னமோ எழுதியிருக்கார், யாரோ விரல் வெச்சு வெச்சு அழிஞ்சிருக்கு. லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டோம். ஒண்ணும் தெரியலை.”

திரிபுரத்துக்கு லென்ஸ் வேண்டியிருக்கவில்லை. பூபதிக்கு அம்மை கண்டிருந்த வாரம் அது. ஊரிலிருந்து அவர் அக்கா குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தாள், போகச்சொல்லவும் முடியாமல், குழந்தையை விட்டு நகரவும் முடியாமல், சுடுதண்ணீர் வேறு, வேப்பிலை வேறு, பத்தியச் சமையல் வேறு, பந்திச் சமையல் வேறு. அந்த ராத்திரியும் அவர் நில்லு என்றார். நின்றாள். மாட்டேன் என்று சொல்ல ஒரு வாய் வேண்டுமே, அதுகூட அப்போது இல்லை. மறுநாள் மாடிக்குப் போய்க் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தாள். வீங்கியிருந்தது, நிறம் பிடிபடவில்லை. புளியில்லை, பித்தளையில்லை, வீட்டில் இருக்கிற எந்தச் சாமானும் அந்த நிறத்தில் இல்லை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது, கீழே குழந்தை அழுதது. பென்சிலால் அசதி என்று எழுதிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர் உடம்பெல்லாம் தீட்டிவிட்டு அந்த இடத்துக்கு வந்து நின்றுபோனார். தூரிகை காய்ந்தது. எழுந்து சமையலறை வாசலுக்கு வந்தார், அவள் மாவாட்டிக்கொண்டிருந்தாள், கொஞ்ச நேரம் அவள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். அன்று ராத்திரி சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக, “உக்காரு” என்றார். கடைசிவரை அதற்கப்புறம் நில்லு என்று சொல்லவே இல்லை. அந்த இடத்தை விரல் வைத்து வைத்து அழித்தது யாரென்றும் அவளுக்குத் தெரியும். தாளை எடுக்கும்போதெல்லாம் அவருடைய கட்டைவிரல் அங்கேதான் போய் நிற்கும். இதை மறந்தே போயிருந்தாள். இல்லை, மறக்கவில்லை, அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று இந்தப் பெண் சொல்லித்தான் தெரிகிறது.

லேப்டாப்புக்குப் பக்கத்தில் பெனிட்டாவின் பென்சில் கிடந்தது. திரிபுரம் அதை எடுத்தாள், தாளைத் தன் பக்கம் இழுத்து, பாதத்துக்கு நேராக அந்த வெறும் இடத்தில் எழுதினாள். மூன்றே எழுத்து.

“அம்மா! அம்மா, என்ன பண்றீங்க!” பெனிட்டா நாற்காலி சாயப் பதறி எழுந்து தாளைப் பிடுங்கினாள். முகம் வெளுத்துவிட்டது, பாவம், வேலைக்கே உலை வைத்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள். தாளைத் தூக்கிப் பிடித்தாள், பக்கத்துத் தாளைப் பார்த்தாள், மறுபடி இதைப் பார்த்தாள். ‘அ’வின் சுழியைப் பார்த்தாள், சாய்வைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

“இது சார் எழுத்து” என்றாள், சன்னமாக.

“ம்.”

“அப்போ... எல்லாமே நீங்களாம்மா?”

“எல்லாம்னு சொல்ல மாட்டேன். சிலது அவர்தான். எது எதுன்னு பிரிச்சுக் கேக்காதே, எனக்கே தெரியாது. இது நான். என் கால்தானே, எனக்குத் தெரியாதா?”

“இத்தனை வருஷமா ஏம்மா சொல்லவே இல்லை?”

“யாரு கேட்டா? இன்னைக்கு நீ வந்து கேட்டதும் அவர் என்ன எழுதியிருக்கார்னுதானே.”

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை நோகடித்துவிட்டோமே என்று திரிபுரத்துக்கு வருத்தமாகத்தான் இருந்தது, குழந்தை முகம். பூபதி ஞாபகம் வந்தது, சாயங்காலம் கூப்பிடுவான், கத்துவான், சாட்சி கேட்பார்கள் என்றானே, கேட்கட்டும். பயமாக இருந்தது. ஆனால் பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது தீர்ந்து எவ்வளவோ நாளாகிறது. பெனிட்டா விரல்களை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“அப்போ எழுதினது யாருன்னு போடட்டும்மா?”

“திரிபுரசுந்தரின்னு போடு” என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, “நின்னதும் அவதான்னு சேர்த்துப் போடு” என்றாள்.